வேலைப் பிணக்குக்குச் சட்டத்தரணி ஒருவரை அமர்த்துதல்: யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி என்றதும் அநேக குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் காணி உறுதி முடித்துத் தந்தவர்தான். மகளின் சீதன உறுதியும் பாட்டனாரின் மரணசாதனமும் அவருடைய கந்தோரிலேயே எழுதப்பட்டிருக்கும். அதனால் மகனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கால்கள் தாமாகவே அந்தப் படியை நோக்கிப் போகின்றன. அவர் யாழ்ப்பாணத்தவரின் வழமைச் சட்டமான தேசவழமையில் கரைகண்டவராக இருக்கலாம். ஆயினும் தொழிற் பிணக்குக்கு உரிய சட்டமும், அதை விசாரிக்கும் சபையும், அதற்கான கால எல்லையும் முற்றிலும் வேறு. சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் நீண்ட காலம் லிகிதராக இருந்த எனக்கு, கைநழுவிப் போன வேலை வழக்குகளை நினைக்கும்போது மனதில் வருவது நாட்காட்டிதான்.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இரும்புக் கடையொன்றில் 9 ஆண்டுகள் வேலை செய்த இளைஞர் ஒருவர், ஒரு மாலையில் பொலித்தீன் பை நிறையக் கடுதாசிகளோடு எங்கள் கந்தோருக்கு வந்தார். நியமனக் கடிதம் அவருக்குக் கொடுக்கப்படவேயில்லை. சம்பளச் சீட்டுகள் சில இருந்தன. அவற்றுள் இரண்டு மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கடை முதலாளி “இப்ப வியாபாரம் சரியில்லைத் தம்பி, அடுத்த மாதம் கூப்பிடுறன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பியும் அடுத்த மாதத்தை நம்பிக் காத்திருந்து, அவர் எங்களிடம் வந்தபோது ஏழாவது மாதம் பிறந்திருந்தது. வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டிய காலம், சேவை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்கள். அந்த ஒட்டிய சீட்டுகளைக் கவனமாகப் பிரித்து வைத்தபோது எனக்கு உண்டான வருத்தம் இன்னும் போகவில்லை. ஆறு மாதங்களுக்குள் வந்திருந்தால் அவர் கேட்டிருக்கக்கூடிய நியாயம் பெரிது.

ஆகவே முதற் காரியம், நிறுத்தப்பட்ட திகதியை எழுதி வைப்பது. கடிதம் தந்தார்களானால் அக்கடிதத்தின் திகதி, கையில் கிடைத்த திகதி இரண்டையும் எழுதுங்கள். வாயால் சொன்னார்களானால் யார், எங்கே, எப்போது, யார் முன்னிலையில் சொன்னார் என்பதை அன்றிரவே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். முதலாளி “நான் நிறுத்தவில்லை, அவராகத்தான் வராமல் விட்டார்” என்று சபையில் மறுத்துவிட்டால், நிறுத்தப்பட்டதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழும். நிறுத்தியதை முதலாளி ஒத்துக்கொண்டால், அது நியாயமானதுதான் என்று அவரே முதலில் சாட்சியம் அளித்துக் காட்ட வேண்டும். இந்த வேறுபாட்டை முதற் சந்திப்பிலேயே உங்களுக்கு விளங்கப்படுத்தும் சட்டத்தரணி இத்துறையை அறிந்தவர் என்று நம்பலாம்.

சட்டத்தரணியைத் தேடுமுன், விடயம் எங்கே போக வேண்டியது என்பதை ஓரளவு அறிந்திருப்பது நல்லது. தனியார் துறையில் வேலை நீக்கம் என்றால், 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ்த் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நியமனக் கடிதம் இல்லை என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை. வாய்மொழி ஒப்பந்தத்தில் வேலை செய்தவரும் அச்சட்டத்தின்படி தொழிலாளியே. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் எதுவுமின்றி ஆட்குறைப்பு என்ற பெயரில் நிறுத்தினால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் துணைக்கு வரும். தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் அப்படி நிறுத்த முடியாது. முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு நிபந்தனை. இம்முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்குப் போகும். இதற்கும் 6 மாத எல்லை உண்டு. இந்த இரண்டு வழிகளில் எது உங்களுக்கு உரியது என்று தீர்மானிப்பதே சட்டத்தரணியிடம் நீங்கள் பெறும் முதல் உதவி.

நிறுத்தியதை எதிர்க்காமல், தர வேண்டிய பணத்தை மட்டும் கேட்பதானால் சட்டத்தரணி இல்லாமலே தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். 5 ஆண்டுகள் பூர்த்தியான சேவை உள்ள மாதச் சம்பள ஊழியருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உரியது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடங்களுக்கு உரியது. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் கொடுபட வேண்டும். நான் சொன்ன இளைஞரின் கடைசிச் சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அரை மாதம் 20,000. 9 ஆண்டுகளுக்கு 180,000 ரூபா. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துக்கொண்டு போங்கள். 15 பேருக்குக் குறைந்த இடமென்றால் பணிக்கொடையைத் தொழில் நியாய சபையில் கேட்கும் வழி இருக்கிறது.

அரச ஊழியருக்கும் மாகாண சபை ஊழியருக்கும் இவை பொருந்தா. அவர்களுக்குரிய பாதைகள் பொதுச் சேவை ஆணைக்குழு, நிருவாக மேன்முறையீட்டு நியாய சபை, அதிகாரிகளின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் எழுத்தாணை மனு போன்றவை. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரே மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு மாதம் என்பது கடிதம் எழுதிப் பதில் பார்த்திருப்பதற்குள் போய்விடும். இவர்கள் சட்டத்தரணியைச் சந்திக்க ஒரு நாளும் பிந்தக் கூடாது.

வேலைப் பிணக்கு அல்லாத, கடன், சரக்குப் பணம், பங்காளித் தகராறு போன்ற பிணக்குகளில் சட்டம் குறித்த பெறுமதிக்கு உட்பட்டவை முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி தோற்ற முடியாது. ஆயினும் இணக்கத்தில் கையொப்பம் இடுமுன் ஒருவரிடம் காட்டி ஆலோசனை கேட்பதை எவரும் தடுக்கவில்லை. இங்கும் காலாவதி உண்டு: எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள், எழுத்தில் இல்லாததற்கு 3 ஆண்டுகள், விற்ற சரக்கின் பணத்துக்கு 1 ஆண்டு.

இனி, யாரை அமர்த்துவது? முன்பு நம் ஊரில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இரு வகையினர் இருந்தார்கள். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவர்களை ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயரைத் தந்தது. உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பதிவு பெற்ற எவரும் எந்த நீதிமன்றத்திலும் தோற்றலாம். எனவே பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டத்தைக் கொண்டு தொழில் வழக்கில் ஒருவரின் அனுபவத்தை அளக்க முடியாது. நேரே கேளுங்கள்: தொழில் நியாய சபையில் கடைசியாக எப்போது தோற்றினீர்கள்? தொழிலாளிக்காகவா, முதலாளிக்காகவா? என் வழக்கில் தவணைக்கு, அதாவது வழக்குக் கூப்பிடப்படும் நாளுக்கு, நீங்களே வருவீர்களா, கனிஷ்ட சட்டத்தரணியை அனுப்புவீர்களா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவென்று நம்மவர் தயங்குகிறார்கள். நல்ல சட்டத்தரணி இக்கேள்விகளுக்காகக் கோபிப்பதில்லை. நான் லிகிதராக இருந்த கந்தோரின் சட்டத்தரணி ஐயா அவற்றைத் தாமாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

இன்னொரு கேள்வி யாழ்ப்பாணத்துக்கு மிகவும் அவசியமானது. ஊர் சிறியது. உங்கள் முதலாளியின் காணி உறுதியையோ கம்பனி வேலையையோ அதே சட்டத்தரணி பார்த்திருக்கக்கூடும். அவர் முதலாளிக்கு உறவினராகவும் இருக்கலாம். நிறுவனத்தின் பெயரை முதலில் சொல்லி, “இவர்களோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?” என்று கேட்ட பின்னரே கதையைத் தொடங்குங்கள். நீதிமன்ற வாசலில் நின்று “நல்ல ஆளிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்” என்பவரோடு போக வேண்டாம்.

வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் அதை இதற்காகவே அமைத்தது. தொழிற்சங்க உறுப்பினராயின், சங்கப் பிரதிநிதியே தொழில் நியாய சபையில் உங்களுக்காகத் தோற்றலாம். நெடுநாள் அனுபவமுள்ள சங்கச் செயலாளர் ஒருவர், இத்துறைக்குப் புதிய சட்டத்தரணியிலும் பார்க்கத் திறமையாக வழக்கை நடத்தியதை நான் கண்டிருக்கிறேன்.

முதற் சந்திப்புக்குப் போகும்போது கடுதாசிகளைத் திகதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் நடந்ததை வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வரவுப் பதிவின் படம், எச்சரிக்கைக் கடிதங்கள், முதலாளி கைபேசியில் அனுப்பிய செய்திகள் எல்லாம் வேண்டும். உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காதீர்கள். களஞ்சியச் சாமானைக் கேட்காமல் எடுத்ததாக ஒரு கடிதம் இருந்தால், அதை எதிர்த்தரப்பு சபையில் நீட்டும்போது உங்கள் சட்டத்தரணி முதன்முறையாகக் காண்பது போன்ற கேடு வேறில்லை. மூலப் பிரதிகளை உங்களிடம் வைத்துக்கொண்டு போட்டோப் பிரதியைக் கொடுங்கள். மூலத்தைக் கொடுக்க நேர்ந்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கட்டணத்தைப் பற்றி வெட்கப்படாமல் முதல் நாளே பேச வேண்டும். சிலர் முழு வழக்குக்கும் ஒரு தொகை கேட்பர். சிலர் தவணைக்குத் தவணை வாங்குவர். தவணைக் கணக்கென்றால், வழக்கு விசாரிக்கப்படாமல் ஒத்திவைக்கப்படும் நாளுக்கும் முழுத் தொகையா என்று கேளுங்கள், ஏனெனில் குறைந்த தொகையில் தொடங்கிய வழக்கு ஒத்திவைப்புகளால்தான் வீட்டுக் கணக்கை மீறிப் போகிறது. விண்ணப்பம் எழுதுவதும், மேன்முறையீடும் அதற்குள் அடங்குமா என்பதும் தெளிவாக வேண்டும். தொழில் நியாய சபையின் தீர்ப்புக்கு எதிராகச் சட்டப் பிரச்சினை ஒன்றின் மீது மாகாண மேல் நீதிமன்றத்துக்கு 30 நாட்களுக்குள் மேன்முறையிடலாம். அது தனி வேலை, தனிக் கட்டணம். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. வெறுந்தாளில் மட்டும், எவர் கேட்டாலும், கையொப்பம் வைக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் வேலை போன பிறகுதான் செய்ய வேண்டும் என்றில்லை. விளக்கம் கோரும் கடிதம் கையில் கிடைத்த அன்றே சட்டத்தரணியிடம் போவதே சரியான காலம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நீங்கள் எழுதும் பதில் பிற்காலத்தில் சபையில் ஆவணமாகும். கோபத்தில் எழுதிய இரண்டு வரி, பத்து வருடச் சேவையை மறைத்துவிடும். அதைப் போலவே, “சொந்த விருப்பில் விலகுகிறேன்” என்று தட்டச்சு செய்து வைத்த தாளை நீட்டி, கையொப்பம் இட்டால்தான் சம்பளம் என்றால், அங்கேயே இட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே இட்டுவிட்டீர்களாயின், வற்புறுத்தி வாங்கப்பட்டதென்று உடனே எழுத்தில் அறிவித்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வழக்கு இணக்கத்தில் முடிவதும் உண்டு. அதை நான் குறைவாக மதிப்பதில்லை. ஆனால் தொகை மட்டும் பேசினால் போதாது. எத்தனை தவணையில், எத்தனையாம் திகதிக்குள், ஒரு தவணை தவறினால் என்ன என்பவற்றையும், சேவைச் சான்றிதழ் தருவதையும் சட்டத்தரணி எழுத்தில் சேர்க்க வேண்டும். செலுத்தாமல் விட்ட சேமலாப நிதி உங்களுக்குச் சட்டப்படி உரியது. அதை இணக்கத் தொகைக்குள் கரைத்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

நடுவழியில் சட்டத்தரணியை மாற்ற நேர்ந்தால், பழையவருக்கு எழுத்தில் அறிவித்து, கணக்கைத் தீர்த்து, கோவையைப் பெற்றுக்கொண்டு, புரொக்ஸி என்று நாம் சொல்லும் நியமனப் பத்திரத்தை முறைப்படி இரத்துச் செய்த பின்னரே புதியவர் பெயரில் பத்திரம் இட வேண்டும். மாவட்ட நீதிமன்ற வழக்கில் அதற்கு நீதிமன்றின் அனுமதியும் வேண்டும். இந்த மாற்றத்தை அடுத்த தவணைக்கு முதல் நாள் வரை பிற்போடாதீர்கள். புதியவர் கோவையை வாசிக்க இரண்டு வாரமாவது கொடுங்கள்.