அதிமதுரமும் என் பிபியும் - என் அனுபவம்

வறட்டு இருமலுக்கு அதிமதுரம் நல்லா கேக்கும், அதுல எனக்கு இப்பவும் சந்தேகமே இல்ல. வேர்த்துண்ட வாயில அடக்கிக்கிட்டா அந்த இனிப்பு எச்சில் எறங்க எறங்க தொண்டை கரகரப்பு அடங்கிரும். அதனால இருமல் போனப்புறமும் பொடிய தினமும் டீயில போட்டுக் குடிச்சிட்டே இருந்தேன்.

அப்புறம் பாத்தா சாயங்காலம் ஆனா கணுக்கால் வீங்குது, சாக்ஸ் கழட்டுனா பட்டை அப்படியே பதிஞ்சிருக்கு, மாடிப்படி ஏறுனா தொடைல தெம்பே இல்ல. பிபி 150க்கு மேல! டாக்டர் ரத்தத்துல பொட்டாசியம் பாக்கச் சொன்னாரு, கம்மியா இருந்துச்சு, உடனே "நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்டுறீங்களா"ன்னாரு, சொன்னதும் அவருக்குப் புரிஞ்சிருச்சு.

அதிமதுரத்துல இருக்க கிளைசிரைசின்ங்கற பொருள் தான் இனிப்புக்கும் காரணம், வம்புக்கும் காரணம். கார்ட்டிசால்ங்கற ஹார்மோன அடக்கி வெக்கிற ஒரு என்சைம அது கிட்னியில தடுத்துருது, அதனால உடம்பு உப்பையும் தண்ணியையும் புடிச்சி வெச்சிக்கிட்டு பொட்டாசியத்த வெளிய தள்ளுது. பொட்டாசியம் ரொம்ப எறங்குனா இதயத்துடிப்பே தாறுமாறாகும், வெளையாட்டு இல்ல.

பொடிய நிறுத்துனேன், பொட்டாசியத்துக்கு டாக்டர் குடுத்தத சாப்ட்டேன், அவ்ளோதான். வீக்கம் சீக்கிரம் வடிஞ்சுது, பிபி எறங்க சில வாரம் ஆச்சு. பிபி, ஹார்ட், கிட்னி பிரச்சனை இருக்கவங்க, நீர் பிரிய மாத்திரையோ டைகாக்சின்ங்கற இதய மாத்திரையோ எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கவங்க இத தொடவே வேணாம். கிளைசிரைசின் நீக்குன டி.ஜி.எல்.னு ஒரு வகையும் இருக்கு, அதையும் டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்குங்க.