பச்சையிலேயே பறித்த சாட்சி: உபத்திரவ காலத்தில் சீஷர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞானஸ்நானம் எடுத்து ஓரிரு வருடம் ஆனவர்கள் மேல் முதல் பெரிய அடி விழும்போது, சபையின் மூத்தவர்கள் ஒருகாலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். சேலத்துக் கொலுசுப் பட்டறையிலும் அதுதான், ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டிலும் அதுதான். ஜெபத்தை விடாதே, வேதத்தை மூடாதே, சபைக்கு வராமல் இருக்காதே என்பதையெல்லாம் ஒவ்வொரு போதகரும் சொல்லிவிடுகிறார். அவற்றை இங்கே எழுதவில்லை. கீழே இருப்பவை பக்தி மாதிரியே தோன்றும் தவறுகள். அதனால்தான் யாரும் தடுப்பதில்லை.

எந்தப் பாரம் என்று பார்க்காமலே சுமப்பது

தமிழ் வேதத்தில் 'சோதனை' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. யாக்கோபு 1:2 பலவிதமான சோதனைகளைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறது. அதே அதிகாரம் 13-ஆம் வசனம், நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று ஒருவனும் சொல்லக்கூடாது என்கிறது. முன்னது வெளியிலிருந்து வரும் நெருக்கடி, பின்னது உள்ளே இருக்கும் இச்சையின் இழுப்பு. கிரேக்கத்திலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தான், ஆகவே மொழிபெயர்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து, நடந்ததை நாலு வரியில் எழுதுங்கள். பிறகு, இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பொய்க் கணக்கு எழுத மறுத்ததால் வேலை போனது என்றால் அது கீழ்ப்படிதலுக்கு வந்த விலை. அதில் நிலைத்து நிற்க வேண்டும். சக்திக்கு மீறிக் கல்யாணம் செய்து வட்டியில் மாட்டியிருந்தால் அது நம் கை செய்த வேலை. அதற்கு மனந்திரும்புதலும் கடன்காரரிடம் நேரில் போய்ப் பேசுவதும்தான் வழி. சர்க்கரை நோய், மழை பொய்த்த வருடம், பெற்றோரின் மரணம் ஆகியவை மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் வருபவை. நான்காவது, இன்னொருவர் நமக்குச் செய்யும் அநியாயம். பெரும்பாலும் இவற்றில் இரண்டு கலந்தே வரும், அவசரப்பட்டு ஒன்றை மட்டும் குறிக்காதீர்கள்.

1 பேதுரு 4:15-ஐ அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதிவைக்கலாம். எப்படிப்பட்டவனாகப் பாடுபடக்கூடாது என்ற அந்தப் பட்டியலில் கொலைபாதகன், திருடன் ஆகியோரோடு, அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனும் இருக்கிறான். அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைத்து வாங்கிக்கட்டியதைச் 'சத்தியத்துக்காகப் பட்ட பாடு' என்று கணக்கில் எழுத முடியாது.

பழுக்கும் முன்னே சாட்சி சொல்வது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் இது குறையவில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனம் கொதிக்கிறது.

பட்டறை வைத்திருக்கும் ஒரு சகோதரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் கடன். உபவாச ஜெபம் முடிந்த வாரம் ஒரு கடன்காரர் தவணைக்குச் சம்மதிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி வேளையில் மைக் இவர் கைக்கு வருகிறது. 'ஆண்டவர் என் கடன் பிரச்சினையைத் தீர்த்தார்' என்கிறார். அல்லேலூயா சத்தம் கூரையைத் தொடுகிறது. அடுத்த மாதம் இரண்டாவது கடன்காரர் வாசலில் நிற்கிறார். இப்போது இவர் யாரிடம் போய் ஜெபிக்கச் சொல்வார்? 'தீர்ந்தது' என்று மொத்தச் சபைக்கு முன்னால் சொல்லியாயிற்று. முன்பு பாரம் கடன் மட்டும்தான். இப்போது ஆண்டவருடைய பேரைக் காப்பாற்றும் பொறுப்பும் தன் தலையில் என்று நினைக்கிறார். வீட்டு ஜெபக்கூட்டத்தில் பின்வரிசைக்குப் போகிறார், பிறகு வருவதே இல்லை. உதவ முடிந்த பத்துப் பேர் பக்கத்திலேயே இருந்தும் ஒருவருக்கும் தெரியாது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் சேதம் உண்டு. அதே வரிசையில், அதே கடனோடு, அதே உபவாசத்தில் இருந்துவிட்டு ஒன்றும் நடக்காதவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தன் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று அவர் முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

சேர்வராயன் மலையில் காபி பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்து பூத்தது, நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழுக்கிறது. ஒரே கிளையில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும். தெரிந்த கை சிவப்பை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு இன்னொரு சுற்று வரும். கிளையை ஒரே உருவாக உருவினால் கூடை சீக்கிரம் நிறையும். ஆனால் பச்சைக் காய் பல்பரில், அதாவது தோலுரிக்கும் இயந்திரத்தில், தோல் கழன்று வராது, கொட்டை நசுங்கும், காபியில் துவர்ப்பு ஏறும். காயில் குற்றமில்லை, இன்னும் சில வாரம் கிளையில் இருந்திருக்க வேண்டியது, அவ்வளவுதான்.

வேதத்தில் கால அளவைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று யோசேப்பு சொன்னதை, இழவு வீட்டில் மூன்றாம் நாளே எடுத்து ஓதுகிறோம். யோசேப்பு விற்கப்பட்டது 17 வயதில். பார்வோன் முன் நின்றது 30-இல். ஏழு வருட விளைச்சலும் இரண்டு வருடப் பஞ்சமும் கழித்துத் தன்னைச் சகோதரருக்கு வெளிப்படுத்தும்போது 39. அன்றைக்கே அந்தக் கருத்தை ஒருமுறை சொல்கிறான், சத்தமிட்டு அழுதபடி. மேலே சொன்ன வசனமோ ஆதியாகமம் 50-இல், யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறந்த பிறகு வருகிறது. அப்போது யோசேப்புக்கு 56. குழியில் விழுந்து 39 வருடம் கழிந்த பிறகு வந்த வாக்கியம் அது. பவுலும் தான் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதை 14 வருடம் கழித்துத்தான் எழுதுகிறார், அதுவும் 'ஒரு மனுஷனை அறிவேன்' என்று மூன்றாம் ஆள் போல.

நன்றியை உடனே சொல்ல வேண்டாமா என்று கேட்பார்கள். ஆண்டவரிடம் உடனே சொல்லுங்கள். பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பிவந்தவன் அதைத்தான் செய்தான். ஆனால் மாற்கு 1-இல் இயேசு இன்னொரு குஷ்டரோகியிடம் ஒருவருக்கும் சொல்லாதே, முதலில் ஆசாரியனிடம் போய்க் காட்டு என்கிறார். லேவியராகமம் 14-ஐத் திறந்தால் அந்தப் பரிசோதனை எப்படிப்பட்டது என்று தெரியும்: பாளயத்துக்குள் வந்த பிறகும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும், எட்டாம் நாள்தான் பலி. அவன் காத்திருக்காமல் போய் எங்கும் பிரசித்தப்படுத்தினான். விளைவு, இயேசு பட்டணத்துக்குள் வெளியரங்கமாய் நுழைய முடியாமல் போனது. பிசாசு பிடித்திருந்தவனை மட்டும் போய்ச் சொல் என்று அனுப்பினார். எங்கே? அவன் வீட்டுக்கு, அவன் இனத்தாரிடம், அதாவது தினமும் அவனைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவர்களிடம்.

செய்ய வேண்டியது இதுதான். விண்ணப்பம் வேறு, சாட்சி வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். போராட்டம் நடந்துகொண்டிருக்கும்வரை அது விண்ணப்பம். அதை முழுச் சபைக்கும் சொல்லத் தேவையில்லை, நம்பிக்கையான இரண்டு பேர் போதும். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: அன்று என்ன நடந்தது, என்ன கேட்டோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. கிடைக்காததை எழுதாமல் விட்டால் அந்த நோட்டால் பயனில்லை. பொதுவில் பேசலாமா என்று தோன்றும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நாளைக்கே பிரச்சினை திரும்பி வந்தாலும் இதே வாக்கியத்தை என்னால் சொல்ல முடியுமா? என் கதையில் வரும் மனைவி, பிள்ளை, அண்ணன் இதைச் சொல்லச் சம்மதித்தார்களா? ஆண்டவர் செய்ததைச் சொல்கிறேனா, என் விசுவாசத்தின் அளவைச் சொல்கிறேனா? ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலும் காத்திருங்கள்.

எதிர்பாராமல் மைக் கைக்கு வந்துவிட்டால் யோவான் 9-இல் வரும் பிறவிக் குருடனைப் பாருங்கள். 'நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.' தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். அதே வழியில், 'ஒரு கடனுக்குத் தவணை கிடைத்திருக்கிறது, ஸ்தோத்திரம். இரண்டு பாக்கி இருக்கிறது, ஜெபியுங்கள்' என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். அரை நிமிடம்கூட ஆகாது, பொய்யும் இல்லை.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு: பேச விருப்பமா என்று முன்னாலேயே தனியாகக் கேளுங்கள். ஆறாத காயத்தை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றாதீர்கள். அந்த நபர் பின்னால் விழுந்தாலும் வீடியோ அங்கேயே நிற்கும்.

அடி வாங்குவதைச் சிலுவை என்பது

லூக்கா 9:23-இல் சீஷன் தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொள்வது, இயேசுவைப் பின்பற்றுவதற்காக. குடித்துவிட்டு வந்து கணவன் அடிப்பது அதில் சேராது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினான். பவுல், வாரினால் அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். அடிபடும் பெண்ணிடம் 'பொறுத்துக்கோ அம்மா, ஜெபிக்கிறோம்' என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பாவம். பெண்கள் உதவி எண் 181. முதலில் பத்திரமான இடம், பிறகு ஜெபம்.

மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட.

புலம்புவதைப் பாவம் என்று நினைப்பது

'முறுமுறுக்காதே' என்று சொல்லியே பலரின் வாயைக் கட்டிவிட்டார்கள். முறுமுறுப்பு ஆண்டவருக்கு முதுகைக் காட்டி அடுத்தவரிடம் பேசுவது. புலம்பல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது. சங்கீதம் 13-இல் ஆறே வசனம். முதல் இரண்டில் தாவீது 'எதுவரைக்கும்' என்று நாலு முறை கேட்கிறான். அடுத்த இரண்டில் வேண்டியதைக் குறிப்பாகக் கேட்கிறான். கடைசி இரண்டில்தான் கிருபையின்மேல் நம்பிக்கை.

இதையே அச்சாக வைத்து உங்கள் ஜெபத்தை எழுதலாம். முதலில் என்ன வலிக்கிறது என்று, ஆண்டவரை 'நீர்' என்று கூப்பிட்டே எழுதுங்கள். 'கஷ்டமா இருக்கு' என்ற பொதுவான வார்த்தை வேண்டாம், 'மூணு மாசமா வாடகை கட்டலை' என்று எழுதுங்கள். அடுத்து ஒரே ஒரு விண்ணப்பம். நம்பிக்கை வரி வரவில்லை என்றால் இட்டுக்கட்டாமல் இடம் விட்டுவிட்டு, மறுநாள் அதே தாளைத் திரும்ப எடுங்கள். சங்கீதம் 88 கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

வாக்குத்தத்த வசனத்தை ஒப்பந்தமாக்குவது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எரேமியா 29:11 அட்டை கிடைத்தால் சந்தோஷம். அதற்கு முந்தைய வசனத்தையும் வாசியுங்கள்: பாபிலோனில் 70 வருடம் முடிந்த பிறகுதான்.

கனி கொடுக்காததால்தான் வெட்டுகிறார் என்று எண்ணுவது

யோவான் 15:2-இல் கனி கொடாத கொடியை அறுத்துப்போடுகிறார். கனி கொடுக்கிற கொடியைத்தான் 'சுத்தம்பண்ணுகிறார்'. மலையில் இதைக் கவாத்து என்பார்கள். காய்ப்பு முடிந்த செடியில்தான் கத்தி வைப்பார்கள். ஊழியத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென ஒதுங்கி உட்கார நேர்ந்தால், எந்தப் பாவத்துக்குத் தண்டனை என்று நாள்முழுக்கத் தோண்ட வேண்டியதில்லை. தெரிந்த பாவம் இருந்தால் அறிக்கை செய்யுங்கள். தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூங்காமல் உபவாசத்தைக் கூட்டுவது

துவண்டு விழும்போது மூன்று நாள் உபவாசமும் முழு இரவு ஜெபமும் கையில் எடுப்பவர்கள் உண்டு. எலியா, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் திரும்பத் தூங்கினான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு 40 நாள் நடை அதற்குப் பிறகுதான். இருண்டிருக்கும் காலத்தில் ஒரு சங்கீதமும் பத்து நிமிடமும் போதும், தினமும் அதே நேரத்தில். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள். போதகரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள்.

யோபுவின் நண்பர்களாக ஆவது

அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து, உன் பாவம்தான் காரணம் என்று விளக்கத் தொடங்கிய பிறகு கெட்டது. 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கோபப்பட்டது அந்த விளக்கத்தின்மேல்தான்.

போராட்டத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போனால் விளக்கம் கொண்டுபோகாதீர்கள். இரவுச் சாப்பாடு கொண்டுபோங்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரு சங்கீதம் வாசித்து, சுருக்கமாக ஜெபித்து எழுந்திருங்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வரிசையில் நிற்க ஆள் இருக்கிறதா என்று வாசலில் செருப்பு மாட்டும்போது கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே போய் நில்லுங்கள்.