கார்பெட்டில் வேக்குவம் இழுக்கவில்லையா?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் லாரிப் புழுதியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து கார்பெட் இழைகளில் அப்பிக்கொள்ளும். நின்றபடி தள்ளும் வேக்குவம் கிளீனர் அதைச் சரியாக எடுக்கவில்லை என்றால் உடனே மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் பிரஷ் உருளையில் சுற்றிய தலைமுடிதான் காரணம். பிளக்கைக் கழற்றி, மெஷினைக் கவிழ்த்து, முடியை உருளையின் நீளவாக்கில் கத்தரியால் வெட்டி உருவுங்கள். இரு முனைகளையும் விடாதீர்கள். அங்கே முடி இறுகினால் உருளை சுற்றாமல், அதைச் சுழற்றும் பெல்ட் சூடாகி அறுந்துவிடும். ரப்பர் கருகும் வாடை அதற்கான எச்சரிக்கை. தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் கழுவும் வகை என்றால், கழுவியபின் குறைந்தது 24 மணி நேரம் காயட்டும். ஐப்பசி மழையில் 2 நாள்கூட ஆகும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அடைத்துக்கொள்ளும், நாற்றம் வேறு! மெஷின் கார்பெட்டோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் பிரஷ்ஷின் உயரத்தை ஒரு படி கூட்டுங்கள்.