பிராண்டும் கிரியேட்டரும் சேர்ந்து விளம்பரம் பண்றது எப்படி: ரெண்டு பேர் கணக்கும் தேறணும்னா

வீடியோ போடுறவங்களுக்கு வர்ற விளம்பரக் காசு ரெண்டு ரகம். ஒன்னு யூடியூப் தானா ஓட்டுற விளம்பரம், 1000 சப்ஸ்கிரைபரும் கடைசி 12 மாசத்துல 4000 மணி நேர வாட்ச் டைமும் வந்தா (இல்ல 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூ) அதுக்கு அப்ளை பண்ணலாம், நீள வீடியோல ஓடுற விளம்பர வருமானத்துல 55 சதவீதம் நமக்கு. இன்னொன்னு பிராண்டே நேரா நம்மகிட்ட வந்து "எங்க பொருளப் பத்தி உங்க வீடியோல பேசுங்க"னு காசு குடுக்கிறது. இந்த ரெண்டாவதப் பத்திதான் இன்னைக்கு. இதுக்கு 1000 பேர் இருக்கணும்னு எந்த கண்டிஷனும் கிடையாது, பாக்குற 500 பேரும் சரியான 500 பேரா இருந்தா போதும்.

ஸ்டெப் 1: சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைய மறந்துடுங்க

கடைசி 10 வீடியோவோட முதல் 30 நாள் வியூ எவ்வளவுனு எழுதுங்க. சராசரி எடுக்காதீங்க, அதுல ஒரு வீடியோ மட்டும் எப்படியோ வைரலாகி 3 லட்சம் போயிருக்கும், மத்ததெல்லாம் 18 ஆயிரத்துல நிக்கும், சராசரி போட்டா 46 ஆயிரம்னு வந்து நம்மளையே ஏமாத்தும். வரிசைப்படுத்தி நடுவுல நிக்கிற நம்பர எடுங்க. அதான் நீங்க விக்கப் போற சரக்கு. கூடவே பாக்குறவங்க வயசு, எந்த நாடு, இதெல்லாம் யூடியூப் அனலிட்டிக்ஸ்ல இருக்கு, ஒரே பக்கத்துல போட்டு வச்சா அதுதான் மீடியா கிட், அதாவது பிராண்டுக்கு காட்டுற உங்க சேனலோட அறிமுகத் தாள். டிசைன் எல்லாம் பெருசா தேவையில்ல.

ஸ்டெப் 2: விலை (இங்கதான் எல்லாரும் சொதப்புறாங்க)

வழக்கமான முறை, ஆயிரம் வியூவுக்கு இவ்வளவுனு ஒரு ரேட். 18 ஆயிரம் வியூ, ஆயிரத்துக்கு 200னு வச்சா 3600 ஆச்சு (எந்த நாட்டு காசா வேணா வச்சுக்கோங்க, கணக்குக்குத்தான் சொல்றேன்).

இப்ப பிராண்ட் பக்கம் போய் உக்காந்து பாருங்க. ஒரு பொருள் வித்தா அவங்களுக்கு லாபம் 60னு வச்சுக்குவோம், 3600 திரும்ப எடுக்கணும்னா 60 பேர் வாங்கணும். 18 ஆயிரம் பேர்ல நூத்துக்கு ஒருத்தர் லிங்க்க அமுக்கினா 180 பேர் போவாங்க, அதுல மூணுல ஒருத்தர் வாங்கியே ஆகணும்ங்கிறது நடக்கிற காரியமா? அவங்களுக்கு கையக் கடிக்கும், அடுத்த தடவை மெயிலுக்கு பதிலே வராது. நிறைய பேர் முதல் ஸ்பான்சரோட நின்னு போறதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

அதனால கலந்து கேளுங்க. கையில நிச்சயமா 1500, அப்புறம் உங்க லிங்க்ல விக்கிற ஒவ்வொன்னுக்கும் 20. பிராண்டுக்கு ஒவ்வொன்னுலயும் 60 லாபத்துல உங்க 20 போக 40 நிக்கும், 38 வித்தாலே போட்ட காசு வந்துடும். உங்களுக்கு 105 வித்தா அதே 3600 வந்துடும், அதுக்கு மேல போனா கூடுதல். பழைய வீடியோவ ஆறு மாசம் கழிச்சும் யாராவது தேடி வந்து பாக்குற சேனலா இருந்தா இதுதான் லாபம், அன்னன்னைக்கு செய்தி பேசுற சேனல்னா மொத்தமா வாங்கிடுறது நல்லது, ஏன்னா அந்த வீடியோவ ரெண்டு நாளைக்கு அப்புறம் யாரும் பாக்கப் போறதில்ல.

ஸ்டெப் 3: பேசினத எழுத்துல வாங்குங்க

மெயில்ல இருந்தாலும் போதும், ஆனா இருக்கணும். எத்தனை நிமிஷம் பேசணும், எத்தனை தடவை திருத்தம் கேக்கலாம், காசு எப்ப வரும் (பாதி அட்வான்ஸ் கேளுங்க, கூச்சமே வேணாம்). ரெண்டு விஷயம் ரொம்ப முக்கியம். உங்க வீடியோவ வெட்டி அவங்க சொந்த விளம்பரமா ஓட்டிக்கலாமா, ஓட்டினா எத்தனை மாசம்? போட்டிக் கம்பெனி பொருளப் பத்தி எத்தனை நாள் பேசக்கூடாது? இந்த ரெண்டுக்கும் தனி ரேட் உண்டு. நான் ஒரு தடவை இத கவனிக்காம ஓகே சொல்லிட்டு, ஒரு வருஷமா என் மூஞ்சி எங்கெங்கயோ விளம்பரத்துல வந்துட்டு இருந்துச்சு, ஒரு பைசா கூட எக்ஸ்ட்ரா வரல.

ஸ்டெப் 4: வீடியோல எங்க வைக்கிறது

கடைசில வைக்காதீங்க, அங்க ஆளே இருக்க மாட்டாங்க. ஆரம்பிச்ச உடனேயும் வேணாம், கேட்ட விஷயம் வர்றதுக்கு முன்னாடியே கடை விரிச்சா ஓடிடுவாங்க. ரிடென்ஷன் கிராஃப்ப (எந்த நிமிஷத்துல எத்தனை பேர் இன்னும் பாத்துட்டு இருக்காங்கனு காட்டுற கோடு) பாருங்க, முதல்ல சரிஞ்ச கோடு எங்க படுத்து நிதானமா போகுதோ அங்க வைங்க. பிராண்ட் அனுப்புற ஸ்கிரிப்ட அப்படியே படிச்சா முதல் வரியிலயே தெரிஞ்சிடும், சொல்ல வேண்டிய பாயிண்ட் மட்டும் வாங்கிட்டு உங்க பேச்சுல சொல்லுங்க. பிராண்டுக்காரங்க யாராவது இத படிச்சா, தயவுசெஞ்சு கிரியேட்டர் போக்குல விட்டுடுங்க, அவங்க ஆளுங்ககிட்ட எப்படி பேசணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் பிராண்ட் தயார் பண்ணி வச்சிருக்கிற விளம்பரப் படத்த அப்படியே உங்க வீடியோக்குள்ள ஒட்டுறத யூடியூப் விடாது, நீங்களே பேசிக் காட்டினா பிரச்சனை இல்ல.

ஸ்டெப் 5: விளம்பரம்னு சொல்லிடுங்க

அப்லோடு பண்ணும்போது பெய்ட் ப்ரமோஷன் டிக் பாக்ஸ் இருக்கும், போடுங்க. ஆரம்பத்துல 10 செகண்ட் ஒரு வரி வரும், அவ்வளவுதான். காசு வாங்காம பொருள் மட்டும் ஃப்ரீயா வாங்கிட்டு பேசினாலும் இது பொருந்தும். வாயாலயும் சொல்லிடுங்க, பல நாட்டு சட்டமே கேக்குது.

ஸ்டெப் 6: எண்ணுங்க

உங்களுக்குனு தனி லிங்க், தனி கூப்பன் கோட் ரெண்டும் வாங்குங்க, ஏன்னா ஃபோன்ல பாத்துட்டு அப்புறமா கம்ப்யூட்டர்ல வாங்குறவங்க லிங்க்ல சிக்க மாட்டாங்க, கோட்ல சிக்குவாங்க. லிங்க்க டிஸ்க்ரிப்ஷன்ல முதல் வரிலயும் பின் பண்ண கமெண்ட்லயும் போடுங்க.

7 நாள்ல ஒரு தடவை, 30 நாள்ல ஒரு தடவை, வியூ எவ்வளவு கிளிக் எவ்வளவுனு நீங்களே மெயில் போடுங்க, கேக்குறதுக்கு முன்னாடி. எத்தனை வித்துச்சுனு அவங்ககிட்ட கேளுங்க. நம்பர் சுமாரா இருந்தாலும் மறைக்காதீங்க, பிராண்ட் போட்ட காசு திரும்புற எண்ணிக்கைய (நம்ம கணக்குல 38) தாண்டியிருந்தா அதே மெயில்லயே அடுத்த 3 வீடியோவுக்கு சேத்து ஒரு ரேட் போட்டு அனுப்பிடுங்க.