சிரிப்பு நின்றுபோன தொடரை என்ன செய்யலாம்?

ஜேனட் இவானோவிச்சின் ஸ்டெஃபனி பிளம் நாவல்களை, நியூ ஜெர்சியில் எடிசனிலிருந்து நியூவார்க் போகும் ரயிலில்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்த ரயில் கிளம்பும் டிரென்டன்தான் கதை நடக்கும் ஊரும். ஜாமீனில் வெளியே வந்து கோர்ட்டுக்கு டிமிக்கி கொடுப்பவர்களைப் பிடித்துக் கொடுப்பது ஸ்டெஃபனியின் வேலை. ஜாமீன் தொகையில் பத்து சதவீதம் கூலி. போகிற இடமெல்லாம் சொதப்பல். 1994இல் தொடங்கிய தொடர் முப்பது பாகங்களைத் தாண்டிவிட்டது. எனக்குப் பதினெட்டாவதில் சிரிப்பு நின்றது.

உங்களுக்கும் அப்படி ஆனால், முதலில் எந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளுகிறீர்கள் என்று கவனியுங்கள். அங்கங்கே துண்டுச்சீட்டு வையுங்கள் (நூலகப் புத்தகத்தில் பென்சில் வேண்டாம்). என் சீட்டுகள் இரண்டே விஷயத்தில் விழுந்தன: ஸ்டெஃபனியுடைய கார் எரிவது, காதலுக்குப் போலீஸ்காரர் மோரெல்லியா, சக ஆள்பிடிப்பவர் ரேஞ்சரா என்று அவள் தவிப்பது. அவளுடைய மேசர் பாட்டி ஃபியூனரல் ஹோமில் மூடிய சவப்பெட்டியைத் திறக்கத் துடிக்கும் பக்கங்களை மட்டும் விடாமல் படித்தேன். பாட்டியையே தாண்டிப் போகிறீர்கள் என்றால் சோதனை எதுவும் வேண்டாம், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, வேகம். ஒரே குளிர்காலத்தில் பன்னிரண்டு பாகம் படித்தது என் தப்பு. இவானோவிச் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்றுதான் எழுதுகிறார். 'இந்தத் தடவை எந்தக் கார்?' என்பதை வாராவாரம் கேட்டால் ஊறுகாயையே சோறாகச் சாப்பிடுவது போல. ஆறு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

அப்புறமும் ஒட்டவில்லையா? முதல் பாகத்தை மறுபடி எடுங்கள். எனக்குத் தெளிவு பிறந்தது அங்கேதான். பாட்டி சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியை எடுத்து வறுத்த கோழியைச் சுட்டுவிடுவாள். இப்போதும் சிரித்தேன். ஆனால் அதே புத்தகத்தில் ஸ்டெஃபனிக்கு வேலை இல்லை, கையில் காசில்லை, தவணை கட்டாத கார் பறிபோகிறது. அவளை விரட்டும் குத்துச்சண்டைக்காரன் ராமிரெஸ் நிஜமாகவே பயமுறுத்துகிறான். அத்தனை பயத்துக்கு நடுவில் வந்ததால்தான் அந்தக் கோழி அப்படிச் சிரிக்க வைத்தது. பிந்தைய பாகங்களில் கார் எரிந்தால் ரேஞ்சர் இன்னொன்று தந்துவிடுகிறார். போனால் போகட்டும் என்கிற காருக்கு யார் பதறுவது? எனக்குத்தான் வயதாகிவிட்டதோ என்ற சந்தேகம் அன்றோடு போயிற்று.

சரி, எங்கே நிறுத்துவது? ஸ்டெஃபனிக்கு வயது முப்பதைச் சுற்றியே நிற்பதால் எந்தப் பாகத்தையும் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவதில் மட்டும் நிறுத்தாதீர்கள். கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று சொல்லாமலே அது முடிகிறது, ஆறாவதைப் படிக்காமல் தூக்கம் வராது. என் கணக்கில் தொடர் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது.

என் மனைவி இன்னும் புதுப் பாகம் வரும்போதெல்லாம் நூலகத்தில் பெயர் கொடுத்து வைக்கிறாள். எத்தனை கார் எரிந்தாலும் கீறல் விழாத, ஸ்டெஃபனியின் அங்கிள் சாண்டருடைய 1953 மாடல் பியூக் கார் ஒன்று கதையில் உண்டு. மனைவி படித்து முடித்ததும் அதைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொள்வேன்.