அப்பா தடுப்பூசிக்கு மறுத்த உண்மைக் காரணம்

எழுபதைத் தாண்டிய அப்பா, ஃப்ளூ தடுப்பூசி என்றாலே “இந்த வயதில் எனக்கெதற்கு?” என்பார். பக்கவிளைவுப் பயம் என்று நினைத்து, அதிலுள்ள செயலிழந்த வைரஸால் ஃப்ளூ வராது என இரண்டு வாரம் விளக்கினேன். மருத்துவரும் பேசினார். பிடிவாதம்தான் கூடியது.

ஒவ்வொரு முறையும் அவர் கேட்ட ஒன்றை நான் கவனிக்கவே இல்லை: “உட்கார வைத்தா போடுவார்கள்?” வாதத்தை நிறுத்திக் காரணம் கேட்டேன். இளவயதில் ஊசி போட்டபோது பலர் முன்னால் மயங்கி விழுந்திருக்கிறார். பயம் ஊசி மேல் அல்ல, அந்த அவமானத்தின் மேல்.

கூட்டமில்லாத நேரத்தில், படுக்க வைத்துப் போடச் சொன்னோம். ஊசி ஏறும்போது கால் தசைகளை இறுக்கிக்கொண்டார்; மயக்கம் வருமளவுக்கு இரத்த அழுத்தம் சட்டென விழாமலிருக்க அது உதவும். 15 நிமிடம் படுத்திருந்துவிட்டு நடந்தே வந்தார்.