இயற்கை நிலை: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி கரோல் பாக்கில் எங்கள் அறைக்கு ஞாயிறு தோறும் தம்பிகள் நாலைந்து பேர் விடைத்தாளோடு வருவார்கள். யூ.பி.எஸ்.சி. தேர்வுக்கு அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள். சட்டமும் அரசும் வருவதற்கு முன் மனிதன் எப்படி இருந்திருப்பான் என்பதைத்தான் ஹாப்ஸ், லாக், ரூசோ என்ற ஐரோப்பியத் தத்துவவாதிகள் 'இயற்கை நிலை' என்று பேசினார்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே வாய்ப்பாடுதான்: ஹாப்ஸுக்கு மனிதன் கெட்டவன், ரூசோவுக்கு நல்லவன், லாக்குக்கு நடுவாந்தரம். மனப்பாடம் செய்ய வசதி. ஆனால் மூன்றுமே கோணல்.

ஹாப்ஸை முதலில் பார்ப்போம். 'லெவியத்தான்' (1651) 13ஆம் அத்தியாயத்தில் சண்டைக்கு மூன்று காரணம் சொல்கிறார்: போட்டி, அவநம்பிக்கை, புகழாசை. பையன்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். விஷயமே இரண்டாவதில்தான் இருக்கிறது. நீங்கள் நல்லவர், நானும் நல்லவன். ஆனால் அதற்கு உத்தரவாதம் தர நடுவில் ஆள் இல்லை. அதனால் நீங்கள் தாக்குமுன் நான் முந்திக்கொள்கிறேன். எங்கள் அறையில் நான்கு பேர், நான்கு இரும்பு அலமாரி, நான்கு பூட்டு. எல்லோரும் ஒரே ஜில்லாக்காரர்கள், ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டு திரிபவர்கள். இதில் யார் யாரைத் திருடன் என்கிறோம்? ஹாப்ஸ் கேட்பதும் இதுதான்: சட்டம் இருக்கும்போதே வீட்டுக்குள் பெட்டியைப் பூட்டுகிறாயே, உன் பிள்ளைகளைப் பற்றியும் வேலையாட்களைப் பற்றியும் என்ன நினைக்கிறாய்? அதற்காக மனித இயல்பின் மேல் பழி போடவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறார். ஆசைகள் தம்மளவில் பாவமல்ல என்பது அடுத்த வரி.

'மனிதனுக்கு மனிதன் ஓநாய்' என்று மேற்கோள் போடுவது இன்னொரு பழக்கம். 1642இல் வந்த ஹாப்ஸின் 'டி சிவே' நூலின் சமர்ப்பண உரையில் 'மனிதனுக்கு மனிதன் கடவுள்' என்பதும் கூடவே இருக்கிறது. ஒரு நாட்டுக் குடிமக்களுக்குள் கடவுள், நாட்டுக்கு நாடு ஓநாய். பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் அர்த்தமே மாறிவிடும்.

அப்புறம், இயற்கை நிலையை வரலாறாக எழுதாதீர்கள். 'ஆதியில் மனிதர்கள் காட்டில் வாழ்ந்தனர்' என்று தொடங்கும் தாளைப் பார்த்தாலே எனக்குக் கை சிவப்புப் பேனாவுக்குப் போகும். உலகம் முழுக்க அப்படியொரு காலம் இருந்ததாகத் தான் நம்பவில்லை என்று ஹாப்ஸே எழுதுகிறார். ரூசோ 1755இல் வந்த நூலில், நடந்த சம்பவங்களை ஒதுக்கிவிட்டுத் தொடங்குவோம் என்கிறார். அரசைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்று போட்டுப்பார்க்கும் கணக்கு இது.

லாக்கிடம் ஒன்றைக் கவனித்தால் போதும். அவருடைய இயற்கை நிலையில் சட்டம் உண்டு, இயற்கைச் சட்டம். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவதுதான் அங்கே சிக்கல்.

ரூசோவின் பேரில் எழுதும் 'உன்னதக் காட்டுமிராண்டி' அவருடைய சொல் அல்ல. 1672இல் அச்சான, ஆங்கிலக் கவிஞர் டிரைடனின் நாடகத்திலேயே இருக்கிறது. ரூசோவின் ஆதிமனிதன் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வும் இரக்கமும் மட்டும் உள்ளவன்.

கடைசியாக, இந்தியச் சிந்தனையையும் சேர்க்கும் ஆவலில் 'கௌடில்யரும் ஹாப்ஸும் ஒன்றே' என்று முடிக்கிறார்கள். பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் மச்ச நியாயம் வரை சரி. ஆனால் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சொல்லும் கதையில், மக்கள் மனுவை அரசனாக்கித் தானியத்தில் ஆறில் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். அதற்குப் பதிலாக அவர்களின் நலத்துக்கு அரசன் பொறுப்பு. ஹாப்ஸிடம் அரசனை ஏற்படுத்த மக்கள் தங்களுக்குள்தான் ஒப்பந்தம் செய்கிறார்கள். அரசன் அதில் கையெழுத்தே போடவில்லை.